தோணிபோல் படுத்த பிறை

கல்லடி, மட்டக்களப்பு
செப்டெம்பர் 6

அன்பு மகள்,

நீ அனுப்பிய விஞ்ஞானப் படப்புத்தகப் பெட்டி வந்து ஒரு மாதமாகிறது. கிடைத்தது என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன், ஆனால் கடிதம் எழுதப் பொறுத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாப் புத்தகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கட்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்றுதான்.

விறாந்தையில் பாயை விரித்து இருபத்திரண்டு புத்தகத்தையும் பரப்பி வைத்தேன். முதல் நாள் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது பின்னேரம் நாலு மணியானால் கேற்றடியில் செருப்புகள் நிறைந்துவிடும். எதை அதிகம் பார்க்கிறார்கள் தெரியுமா? எறும்புப் புற்றை நடுவாலே வெட்டிக் காட்டிய பக்கத்தைத்தான். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வாசலில் விரலை வைத்து ஒவ்வொரு சுரங்கமாக இறங்கி, முட்டை அறை, தீனி அறை, ராணியின் அறை எல்லாம் போய், திரும்பவும் அதே வழியால் வெளியே வந்தாள். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி, குசினிக்குப் பின்னால் கறுத்தக்கொழும்பான் மாமரத்தடியில் எறும்பு ஓட்டைக்குக் கிட்டப் போய்க் குந்திக்கொண்டாள். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சின்ன ஓட்டை அவளுக்கு வேறு ஓட்டையாகிவிட்டது. கமெராவால் எடுத்த படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் இதைச் செய்யாது. அது வெளித்தோற்றத்தைத்தான் காட்டும். மண்ணை வெட்டி, தோலை உரித்து, மலையைப் பிளந்து உள்ளே கூட்டிக்கொண்டு போகப் படம் கீறத் தெரிந்த கைதான் வேண்டும். உன் கையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

நம்முடைய பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் ஆண்டு வரை ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ என்றுதான் பாடம். விஞ்ஞானம் என்ற பெயரோடு தனிப்பாடம் ஆறாம் ஆண்டில்தான் வருகிறது. அதற்குள் புலமைப்பரிசில் பரீட்சை வந்து, கேள்வி என்றால் விடையைத் தெரிவு செய்கிற ஒன்று என்று பிள்ளை பழகிவிடும். ஏன், எப்படி என்று தானாகக் கேட்கிற வயது அதற்கு முந்திய ஐந்து வருஷம்தான். அந்த வயதுப் பிள்ளையின் கையில் எந்தப் படம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை, மகள்.

புத்தகங்கள் ஆங்கிலம் என்பதால் நான் ஒரு வேலை செய்தேன். படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பென்சிலால் ஒரு இலக்கம் போட்டு, அதே இலக்கத்தோடு தமிழ்ச் சொல்லை ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினேன். என்னுடைய புது யோசனை இல்லை. கொமேனியஸ் என்ற ஆசிரியர் 1658இல் நியூரம்பேர்க்கில் சிறுவர்களுக்காக அச்சிட்ட படப்புத்தகத்திலேயே இலக்கம் போட்டு லத்தீன் சொல்லையும் ஜேர்மன் சொல்லையும் பொருத்திக் காட்டியிருக்கிறார். பயிற்சிக் கலாசாலையில் படித்தது இத்தனை வருஷம் கழித்துக் கைகொடுத்தது.

சொல் தேடுவதுதான் பெரும்பாடு. ஒளித்தொகுப்பு என்று எழுதி ஒட்டினேன். சென்னையில் அச்சான புத்தகம் ஒன்றை வைத்திருந்த பிள்ளை, ‘இதில் ஒளிச்சேர்க்கை என்று இருக்கே டீச்சர்’ என்று கேட்டது. இரண்டும் ஒன்றுதான், ஒட்சிசனும் ஆக்சிஜனும் போல என்று சொல்லி இரண்டையும் எழுதினேன். அப்போது விபுலானந்த அடிகளைத்தான் நினைத்தேன். காரைதீவில் பிறந்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் வேலையில் முன்னின்றவர். இப்போது நம் வீட்டுக்குக் கிட்ட, உப்போடையில் சமாதியில் இருக்கிறார். விஞ்ஞானம் தமிழில் பேசவேண்டும் என்று பாடுபட்ட ஒருவரின் ஊரில், ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு நல்ல தமிழ்ப் படப்புத்தகம் தேடி அலைய வேண்டியிருப்பது எனக்கு மனவருத்தம்.

சரி, இனி முக்கியமான கதைக்கு வருகிறேன்.

சந்திரனைப் பற்றிய பெரிய புத்தகம், கறுப்பு மட்டை போட்டது, இருக்கிறதல்லவா? மூன்றாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒரே பக்கத்தையே பார்த்தான். அப்பப்பாவோடு இரவில் வாவிக்கு வலை போடப் போகிற பிள்ளை. பிறகு என்னிடம் கொண்டுவந்து, ‘டீச்சர், இந்தப் பிறை விழப்போகுது’ என்றான். ஏன் என்று கேட்டேன். ‘நிமிர்ந்து நிக்குது. எங்கட பிறை தோணி மாதிரிப் படுத்திருக்கும்.’

நான் அவனை நம்பவில்லை. இருபத்தெட்டு வருஷம் படிப்பித்தவள், கரும்பலகையில் எத்தனையோ தரம் பிறை கீறியிருக்கிறேன், புத்தகத்தில் இருக்கிற மாதிரி நிமிர்த்தித்தான். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். சூரியன் வாவிக்கு அந்தப் பக்கம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பிறை தெரிந்தது. ஒரு பக்கம் சற்றே சரிந்த தோணி, அடிப்பக்கம் முழுக்க வெளிச்சம். நோன்புப் பிறை பார்த்துப் பழகிய காத்தான்குடிப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

காரணம் சிக்கலானது இல்லை. பிறையின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கிற பக்கத்தைத்தான் பார்க்கும். நாங்கள் இருப்பது மத்தியகோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான இடத்தில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேரே கீழே இறங்கும், பிறை அதற்கு மேலே நிற்கும், அதனால் அடியில் வெளிச்சம். நீ இருக்கிற டொரன்டோ ஏறக்குறைய 44 பாகை வடக்கே. அங்கே சூரியன் சரிந்து சரிந்து போய் மறையும். இந்த மாதங்களில் அந்திப் பிறை அதற்கு மேலே நிற்காமல் இடது பக்கம் தள்ளி நிற்கும், அதனால் வலது விலாவில் வெளிச்சம். புத்தகம் கீறியவர் பிழை விடவில்லை. தன் வீட்டு வாசலில் நின்று பார்த்ததைக் கீறியிருக்கிறார். நம் வாசலில் நின்று பார்த்துக் கீற ஒருவரும் இல்லாமல் போனதுதான் குறை.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ மூன்றாம் ஆண்டு படிக்கும்போது சித்திரக் கொப்பியில் பாலம் கீறி, அதற்கு மேலே பிறையைப் படுக்கப் போட்டிருந்தாய். ‘பிறை இப்படி இருக்காது’ என்று சொல்லி நான் அழிறப்பரால் அழித்து, உன் கையைப் பிடித்து நிமிர்த்திக் கீறவைத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் பிறைதான் சரி, மகள். வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளை கண்ணால் கண்டதைக் கீறியிருக்கிறது, நான் மேலே பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். இதைச் சொல்லத்தான் போன் போதாமல் கடிதம் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாப் படத்தையும் முற்றத்தில் வைத்துச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நிழல் பக்கத்தில் மத்தியானத்திலும் மரத்துக்கு வடக்கே நிழல் விழுகிறது. நமக்கு வருஷத்தில் இரண்டு தரம், சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் முந்தியும் செப்டெம்பர் தொடக்கத்திலும், சூரியன் நேரே உச்சிக்கு வரும். போன கிழமை பன்னிரண்டு மணி தாண்டியதும் உலக்கையை முற்றத்தில் நிமிர்த்திப் பிடித்தோம். நிழல் உலக்கையின் அடியிலேயே ஒடுங்கிப் போனது. பிள்ளைகள் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டா. நான்கு பருவகாலப் பக்கத்தில் இலை உதிர்கிறது, பனி விழுகிறது. அதைப் பேரனுக்குக் காட்டு, அது அவனுடைய வாசல். இங்குள்ள பிள்ளைக்குக் கச்சான் காற்றும் வாடையும் மாரியும் வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைத்துக் கிடப்பதும், மழைக்கு வெட்டிவிட்டால் வாவி கடலுக்குள் பாய்வதும் வேண்டும்.

நீ கீறித் தா, மகள். பெரிய புத்தகம் வேண்டாம், பதினாறு பக்கம் போதும். நான் சொல் எழுதுகிறேன். விதை முளைப்பதைக் காட்டப் போஞ்சி விதை வேண்டாம், கண்டல் மரத்தைக் கீறு. மற்ற விதைகள் மண்ணில் விழுந்து முளைக்கும், கண்டல் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் விழும். பக்கத்தில் ஒரு பிள்ளையின் கையையும் கீறு, அளவு தெரியவேண்டும். மீனுக்கும் நண்டுக்கும் சிரித்த வாய் வைக்காதே. கதைப் புத்தகத்தில் அது சரி, இதில் பிள்ளை நண்டின் வாய் உண்மையில் எங்கே என்று தேடவேண்டும்.

கடைசிப் பக்கம் நம் வாவியின் பாடும் மீனுக்கு. பறுவ இரவில், முழுநிலவு வெளிச்சத்தில், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற ஆளைக் கீறு. தண்ணீருக்குக் கீழே மீனையும் ஊரி என்கிற நத்தையையும் கீறு. பாடுவது மீனா ஊரியா என்பது இன்னும் முடிவாகவில்லை, அதை அப்படியே எழுதுவோம். பாதிப் பக்கத்தை வெறுமையாக விடு, பிள்ளைகள் தாங்கள் கேட்டதை எழுதட்டும்.

முதலில் பிறைப் பக்கத்தைத் தொடங்குவோம். வருகிற அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், சூரியன் மறைந்ததும் பேரனை வெளியே கூட்டிப்போய் அங்கே தெரிகிற பிறையை அவன் கையாலேயே கீறச் சொல். நிறம் வேண்டாம், பென்சில் போதும். கீழே தெரிகிற வீடோ மரமோ ஒன்றையும் சேர்த்துக் கீறட்டும், இல்லாவிட்டால் சரிவு தெரியாது. நீ திருத்தாதே. இங்கே அந்தப் பொடியன் பாலத்தடியில் இருந்து கீறுவான். இரண்டையும் ஒரே பக்கத்தில் போடலாம்.

மருமகனுக்கும் பேரனுக்கும் என் அன்பு. குளிர் தொடங்குமுன் இருமலுக்கு மருந்து எடுத்து வை.

அன்புடன்,
அம்மா