செயலாளர் ஆண்டறிக்கை: கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஆய்வு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதச் சொற்பொழிவுகள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, நம் மரபு நடைக் குழு எடுத்துக்கொண்ட சிங்கப்பூர் பீச் ரோட்டிலுள்ள கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் கட்டடத்துக்கே ஒதுக்குகிறேன்.

1967-ல் தொடங்கிய அரசு நில விற்பனைத் திட்டத்தில் எழுந்த கட்டடம் இது. நிலம் 99 ஆண்டுக் குத்தகை. வடிவமைத்தது டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனம். 1973-ல் முடிந்தபோது பெயர் வோ ஹப் காம்ப்ளெக்ஸ். மொத்தம் 16 மாடிகள்: கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள். வேலை, வீடு, கடை மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைப்பது அன்று சிங்கப்பூருக்குப் புதிது.

நிக்கல் ஹைவே பக்கம் நின்று பார்த்தால்தான் வடிவம் புரியும். மேல் மாடிகள் படிக்கட்டுபோல ஒன்றுக்குப் பின் ஒன்றாக உள்வாங்கிச் செல்கின்றன. அதனால் ஒவ்வொரு வீட்டு மாடத்துக்கும் வானமும் கடற்காற்றும் கிடைத்தன. சாலை இரைச்சலும் மட்டுப்பட்டது. சரிவின் அடியில் உருவான உயரமான வெற்றிடத்தின் வழியே வெப்பக் காற்று மேலேறி வெளியேறும்.

பின்னாளில் கெட்டுப்போனதும் இந்த மாடங்கள்தான். திறந்த மாடத்தில் மழைச்சாரலும் வெயிலும் விழும். இட நெருக்கடி உள்ளவர்கள் துத்தநாகத் தகடும் கண்ணாடியும் வைத்து அடைத்தார்கள். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு உயரம். 2006-ல் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் ஒருவர் இதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் குறையை வடிவமைப்பின் தலையில் போடுவது சரியல்ல என்பதே நம் குழுவின் முடிவு. வீடும் கடையும் தனித்தனியாக விற்கப்பட்டு, நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் இருக்கும் ஸ்ட்ராட்டா கட்டடத்தில் பொதுச் செலவுக்கு ஒப்புதல் வாங்குவது கடினம். குத்தகை ஆண்டுகள் குறையக் குறைய, பழுதுபார்க்கப் பணம் போடும் ஆர்வமும் குறையும்.

கடைத்தளங்கள் வேறு விதமாகச் செழித்தன. தென் தாய்லாந்து நகரமான ஹட் யாய்க்குச் செல்லும் பேருந்துகளின் பயணச்சீட்டு அலுவலகங்கள் வந்தன. அவற்றைச் சுற்றித் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் பணம் அனுப்பும் கடைகளும் பெருகி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்லாந்து ஊழியர்கள் கூடும் இடமாயிற்று.

அடுத்து விற்பனை. வழிகாட்டிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே விவரமாகச் சொல்கிறேன். 1999 வரை, கட்டடம் முழுவதையும் ஒரே வாங்குபவருக்கு விற்கும் கூட்டு விற்பனைக்கு எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். அவ்வாண்டுத் திருத்தத்துக்குப் பின் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆன கட்டடத்துக்கு 80 விழுக்காடு போதும். கோல்டன் மைல் உரிமையாளர்கள் அந்த ஒப்புதலைத் திரட்டி, 2018-ல் 800 மில்லியன் வெள்ளி அடிப்படை விலையில் ஏலக்குத்தகை அழைத்தார்கள். விற்கவில்லை. கட்டடம் பாதுகாக்கத் தக்கது என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் கருதியது அப்போதே வெளியே தெரிந்திருந்தது; இடிக்க முடியாத கட்டடத்துக்கு அந்த விலை தர யாரும் முன்வரவில்லை.

கட்டடத்தை மரபுக் கட்டடமாகப் பாதுகாக்கும் ஆணை 2021 அக்டோபரில் அரசிதழில் வெளியானது. அத்துடன் சலுகைகளும் வந்தன: கூடுதல் தளப்பரப்பு, குத்தகையை மீண்டும் 99 ஆண்டுக்கு நீட்டிக்க வழி, கூடுதலாகக் கட்ட அரசுக்குச் செலுத்தும் மேம்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதித் தள்ளுபடி. 2022-ல் 700 மில்லியன் வெள்ளிக்கு விற்பனை முடிந்தது. "பாதுகாத்தால் விற்க முடியாது" என்று நடையின்போது யாராவது சொன்னால், இந்த வரிசையைச் சொன்னாலே போதும். கட்டடத்தைக் காப்பாற்றியது பாசம் மட்டும் அல்ல. வாங்குபவருக்குக் கணக்கு ஒத்துவரும்படி விதியை அமைத்ததும்தான். சிங்கப்பூரின் இன்னொரு பழைய கட்டடமான பெர்ல் பேங்க் அடுக்குமாடிக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. 1976-ல் முடிந்த அக்கட்டடம் 2018-ல் விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது.

ஆனால் பாதுகாப்பு ஆணை காப்பது கான்கிரீட்டை. கடைகளுக்கு அதில் இடமில்லை. 2023-ல் கடைக்காரர்கள் வெளியேறி வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போனார்கள். அந்தத் தாய்லாந்துக் கடைத்தெருவை யாரும் அரசிதழில் போடவில்லை. இது குழுவுக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது சைனாடவுனில் உள்ள பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். 1966-ல் தீயில் அழிந்த சந்தை நிலத்தில் எழுந்து, 1973-ல் 31 மாடிகளுடன் முடிந்த கட்டடம் அது. கூட்டு விற்பனைப் பேச்சு அங்கும் உண்டு. ஆகவே இம்முறை கட்டட வரலாற்றுக்கு முன்னால் கடைகளைப் பதிவு செய்ய வேண்டும். மாடிவாரியாகக் கடை எண், விற்கும் பொருள், கடை தொடங்கிய ஆண்டு, பேசும் மொழி, பெயர்ப்பலகைப் படம் ஆகியவற்றை ஒரே படிவத்தில் எழுத வேண்டும். கடைக்காரரின் ஒப்புதல் இல்லாமல் முகத்தைப் படமெடுக்கக் கூடாது. நண்பகல் நெரிசலில் யாருக்கும் பேச நேரமிராது. கடை திறக்கும் வேளையே நல்லது. மாண்டரினும் கண்டோனீஸும் தெரிந்த துணையாளர்கள் தேவை. பெயர் கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.