கை தட்டும் பொம்மையைக் கொண்டுவந்தவருக்கு

பள்ளி திறந்தாயிற்று. புதுப் பை, புதுச் சீருடை, புது அழுகை எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. எனக்குக் குரலும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. முழுசாக வந்த பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேருக்கு நன்றி சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்வருவது பாரமாக இருக்கிறது.

எனக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததும், மே மாதம் எப்படிக் கழிந்தது என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஜூனில் பள்ளிக்குக் கிளம்பும்போது எனக்கு இருந்த கட்டளை: அவசியத்துக்கு நாலு வார்த்தை பேசலாம், சத்தம் கூடவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மெல்லக் கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிலும் தொண்டை இறுகி உழைக்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா விளக்கினார். சாதாரணமாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை சேர்ந்து பிரிகின்றனவாம். நாளில் இரண்டு மணி நேரம் பேசினாலே 14 லட்சம் தடவைக்கு மேல் வருகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் யாரும் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்துவதில்லை.

எங்களுடையது மேலூர்ப் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில், மொத்தம் 22 பிள்ளைகள். அதில் 7 பேர் முதல் வகுப்புக்குப் புதுசு. விடுப்பை நீட்டியிருக்கலாம்தான். ஆனால் முதல் வாரத்தில் முதல் வகுப்புப் பிள்ளை யார் சேலை நுனியைப் பிடித்துக்கொள்கிறதோ அவர்தான் அதற்குப் பள்ளிக்கூடம். அந்த இடத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

வந்துவிட்டேன். வந்த பிறகுதான் மலைப்பாக இருந்தது. அம்மா போன திசையைப் பார்த்து ஏழும் அழும். அதைப் பார்த்து இரண்டாம் வகுப்பில் ஒன்று சேர்ந்து அழும். மூன்றாம் வகுப்பு அந்தச் சந்தடியில் ஓடிப்பிடித்து விளையாடும். மற்ற வருசங்களில் ஒரு பாட்டைத் தொடங்கினால் பாதி அடங்கிவிடும். இந்த வருசம் கையைத் தட்டிப் பார்த்தேன், கரும்பலகையைத் தட்டினேன், எழுதிக் காட்டினேன். எழுதிக் காட்டினால் படிக்கத் தெரிந்த பிள்ளைகளா அவை?

இந்த மடலில் பெரும்பங்கு யாருக்கு என்றால், எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற சவ்வு மிட்டாய்க்காரருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். மூங்கில் கழியில் சிவப்பும் வெள்ளையுமாக மிட்டாயைச் சுற்றி, பாலித்தீன் தாள் மூடி, உச்சியில் பாவாடை கட்டிய பொம்மையோடு வருவாரே, அவர்தான். கேட்ட பிள்ளைக்கு வாட்ச், மோதிரம், மயில் என்று இழுத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டு, கொசுறாக ஒரு துளியைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட நான் கையைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து நின்றதைப் பார்த்திருக்கிறார். டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று பிள்ளைகளே அவரிடம் சொல்லிவிட்டன. கிட்டே வந்து, "நானும் இத்தனை வருசமா ஊர் ஊராப் போறேன் டீச்சர். ஒரு தெருவுலயும் கத்தி வித்ததில்லை. கத்துனா சின்னப் பிள்ளைக வீட்டுக்குள்ள ஓடிப்போகும். இவ கை தட்டுனா வெளிய வரும்" என்று தலைக்கு மேல் இருந்த பொம்மையைக் காட்டினார். நான் சிரித்தேன். அத்தோடு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்னே வந்துவிட்டார். அன்றைக்கு மிட்டாய் கொண்டுவரவில்லை. தோளில் கழி இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு துண்டுச் சுருட்டல். அதற்குள் இன்னொரு பொம்மை. அவருடைய அப்பா தூக்கித் திரிந்ததாம். கைமூட்டு கழன்று வீட்டில் கிடந்ததை ராத்திரியோடு ராத்திரியாகப் புதுக் கயிறு போட்டு முடுக்கியிருக்கிறார். அவர் வீட்டம்மா பழைய சேலைக் கரையைக் கிழித்துப் புதுப் பாவாடை தைத்துக் கட்டியிருந்தார். என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு குட்டைக் கழியும் சீவிக் கொண்டுவந்திருந்தார். கீழே தொங்கும் கயிறை இழுத்தால் இரண்டு கையிலும் உள்ள தகடு சேர்ந்து 'சல்' என்று தட்டும்.

கொடுத்ததோடு விடவில்லை. இழுக்கவும் சொல்லிக் கொடுத்தார். "வெடுக்கு வெடுக்குன்னு இழுக்காதீக டீச்சர். ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நிறுத்திருங்க. நிறுத்துனாத்தான் என்னன்னு பிள்ளைக திரும்பிப் பாக்கும். பாத்த பெறகு மூணாவது இழுப்பு."

இந்தப் பாடத்தை ஆசிரியர் பயிற்சியில் யாரும் எனக்கு இவ்வளவு எளிமையாகச் சொல்லித் தந்ததில்லை. குழந்தையின் கவனம் சத்தத்தில் இல்லை, சத்தம் நிற்கிற இடத்தில் இருக்கிறது என்பதை, தெருவில் நின்று பிள்ளைகளின் முகத்தையே பார்த்துப் பிழைத்த மனிதர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

அன்று காலையே இழுத்துப் பார்த்தேன். இரண்டு தட்டு. நிறுத்தம். அழுதுகொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே மேலே பார்த்தார்கள். மூன்றாவது தட்டுக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் தானாகப் பதிலுக்குக் கை தட்டினான். அப்புறம் எல்லாரும். ஒரு வாரத்துக்குள் எங்களுக்குள் ஒரு மொழி உருவாகிவிட்டது. மெதுவாக இரண்டு என்றால் உட்கார வேண்டும், வேகமாக மூன்று என்றால் வட்டமாக வர வேண்டும், ஒன்றே ஒன்று என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த ஒன்றில் நானும் குடித்துக்கொள்கிறேன், தொண்டை காயாமல் இருக்க மருத்துவர் சொன்ன வழி அது. தட்டுப்பாப்பா என்று பிள்ளைகளே பெயரும் வைத்துவிட்டார்கள்.

நான் பேசாமல் இருந்ததில் வேறொன்றும் தெரியவந்தது. எண்ணும் எழுத்தும் என்கிற அரசுத் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பில் இருந்தும் அரும்பு நிலையைத் தாண்டாதவன் என்று பதிவான ஒரு பையன், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புளியங்கொட்டையை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தான். "பதிமூணுல இருந்து அஞ்ச எடுக்கணும்னா மொதல்ல மூண எடு, பத்து நிக்கும், பெறகு ரெண்டு" என்கிறான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பையன், கேட்க ஆளில்லாதபோது பத்தை உடைத்துக் கணக்குப் போடுகிறான். என் குரல் நிறைந்திருந்த அறையில் இது எனக்குக் கேட்டிருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஐயாவுக்குப் பணம் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வற்புறுத்தவும், "மிட்டாய் தின்னா வாய் கொப்பளிக்கணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. அது போதும்" என்றார். மிட்டாய் விற்கிறவர் கேட்ட கூலி இது. சரி ஐயா. தினமும் மதியம் குழாயடியில் இது நடக்கிறது, தட்டுப்பாப்பா சாட்சியாக.

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டும்போதெல்லாம் கொடிக்குளத்துப் பள்ளியை நினைத்துக்கொள்வேன். இறந்துபோன மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஆயி பூரணம் அம்மாள் அந்த ஊர் அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்ததை 2024 ஜனவரியில் ஊரே பேசியது. அந்தக் குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்த நிலத்தின் மதிப்பு பல கோடி. ஐயாவின் பொம்மைக்கு ஒருவரும் விலை போட மாட்டார்கள். ஆனால் தன் அப்பாவின் தொழில் கருவியை ஒரு வகுப்பறைக்குத் தூக்கிக் கொடுத்த மனசும் அந்த அம்மாவின் மனசும் ஒரே மண்ணில் முளைத்தவை என்று நம்புகிறேன். அரசுப் பள்ளியைத் தன் பள்ளி என்று நினைக்கிற ஆட்கள் மதுரைப் பக்கம் இன்னும் நிறையவே இருக்கிறார்கள்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா. கேட்காமலே சீரகத் தண்ணீரை வெதுவெதுப்பாக மேசையில் வைத்துவிட்டுப் போகும் சத்துணவு அக்கா. 2022 செப்டம்பரில் மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருசம் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் வந்தது. அதற்குச் சமைக்கிற மகளிர் குழுத் தங்கச்சிகள், வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருந்து அழுகிற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். நான் கை காட்டினாலே நிறுத்தம் புரிந்துகொள்கிற கண்டக்டர் தம்பி, "பேசாதீங்க" என்று என்னை அதட்டிய செவிலியர், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், குறுவளமையத்தில் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் மையம்) பழகிய நண்பர்கள், வீட்டில் இரண்டு மாதம் என் சைகையைப் படித்தே குடும்பம் நடத்திய என் கணவரும் மகளும், எல்லாருக்கும் என் நன்றி. "பேசாத டீச்சர்கிட்ட எப்படி விடுறது" என்று தயங்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த ஏழு வீட்டாருக்கும் தனியாக ஒரு கும்பிடு.

குரல் முழுசாக வந்த பிறகும் தட்டுப்பாப்பா என் வகுப்பில்தான் இருக்கும். காலையில் முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பேச, நான் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்களின் குரல் பராமரிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். அன்றைக்கு ஒரு மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ வரவழைக்கவும் முயற்சி எடுப்பேன். தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகாத ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்கு ஐயாவையும் அவர் வீட்டம்மாவையும் சிறப்பு விருந்தினர்களாக அழைப்பதென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவாகியிருக்கிறது. முதலில் கூச்சப்பட்டார், பிள்ளைகள் போய்க் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டார். மேலூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் அன்று காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். அவர் கையால் பிள்ளைகள் எல்லாருக்கும் மிட்டாய் வாட்ச் கட்டிவிடுவதாக ஏற்பாடு. செலவு என்னுடையது, அதையாவது அவர் தடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமான ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி