நாட் வாங்கிய மகளுக்கு

சூலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு படத்தைக் காட்டி, பொருட்காட்சியில் வைப்பதற்காகச் சிலர் சேர்ந்து வாங்கிய பழைய விமானம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் பேசும்போது நீயும் அதையே சொல். அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. சித்தப்பா பெண்ணுக்குத் தை மாதம் முடிவாகியிருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

என் மகள் பிரிட்டனின் பழைய சிறு ஜெட்டான நாட் விமானம் ஒன்றில் பங்குதாரர் என்பதை என் பழைய படைத் தோழர்கள் ஒருவரிடமும் சொல்லாமல் விடவில்லை. 1956-இல் உரிமம் வாங்கி, பிறகு பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில் நாமும் கட்டிய விமான வகை அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே நிர்மல் ஜித் சிங் சேக்கோன் தனியாக எதிர்த்து நின்றதும் நாட் விமானத்தில்தான். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. நான் படையில் சேர்ந்தபோது நாட் விமானத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதன் தம்பியான அஜீத்தும், கிரண் மார்க் 2 பயிற்சி விமானமும்தான் என் கைக்கு வந்தன. இரண்டுக்கும் இதயம் நாட் விமானத்தில் இருந்த அதே ஆர்ஃபியஸ் இன்ஜின். நீ வேலை பார்க்கும் பிரிஸ்டலில்தான் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் அதை உருவாக்கினார். ஏழு அடுக்கு கம்ப்ரசர், ஓரடுக்கு டர்பைன், இரண்டையும் இணைக்கும் அகலமான உள்ளீடற்ற ஷாஃப்ட், அதைத் தாங்க இரண்டே பேரிங்: அந்த எளிமையை நான் படிப்பித்த பையன்கள் எல்லோரும் ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள். இத்தனையும் தெரிந்த தகப்பன் ஒருவன் சூலூரில் இருக்கும்போது, வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. போகட்டும்.

நான் எழுத வந்த விஷயம் ஃபார்ம் 700, அதாவது விமானத்தின் பராமரிப்பு ஏடு. பிரிட்டிஷ் படையிலிருந்து நம் படைக்கு வந்த வழக்கம் அது, பெயரும் மாறவில்லை. உங்கள் விமானத்தின் ஃபார்ம் 700-உம், இன்ஜின் ஓடிய கணக்கை எழுதும் லாக் கார்டுகளும் எந்தத் தேதி வரை தொடர்ச்சியாக இருக்கின்றன என்று நீ எழுதவில்லை. பெயின்ட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். சிவப்பு அடிப்பதா, பழையபடி வெள்ளியும் ஆரஞ்சும் அடிப்பதா என்பது கடைசியில் முடிவு செய்யவேண்டிய காரியம்.

1979 வாக்கில் பிரிட்டிஷ் விமானப்படை நாட் விமானத்தைக் கைவிட்டபோது, பல விமானங்கள் மெக்கானிக்குகளைப் பழக்கும் ஹால்ட்டன், காஸ்ஃபர்ட் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போயின என்பதும், உங்களுடையது அவற்றில் ஒன்று என்பதும் உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதிகம் பறக்காத விமானம் என்று நீ மகிழ்ச்சியோடு எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தாம்பரத்தில் பயிற்சி விமானங்களின் நடுவே நான் நின்றிருக்கிறேன். பதினெட்டு வயதுப் பையன்கள் அதே நட்டை ஆயிரம் முறை கழற்றுவார்கள், ஆயிரம் முறை பூட்டுவார்கள். அது இனிப் பறக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும் என்பதால், மரை தேய்ந்தாலும் யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். ஒரு விமானத்தில் பழுதான பாகத்துக்கு அடுத்த விமானத்திலிருந்து எடுத்துப் போடுவார்கள். எந்த பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு அந்த இடத்தில் அறுந்துபோகிறது. பறந்து தேய்ந்த விமானத்தின் தேய்மானம் ஏட்டில் இருக்கும். இதன் தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் பாகம் பாகமாகத் தேடவேண்டும்.

படங்களில் ஒன்றில், வலது சக்கரக் கிணற்றுக்குள் ஒரு குழாய் இணைப்பில் நட் தளராமல் கட்டும் லாக் வயர் தெரிகிறது. பெரிதாக்கிப் பார். நட் தளர முயன்றால் கம்பி இறுகவேண்டும். அதில் கம்பியை எதிர்த் திசையில் முறுக்கியிருக்கிறார்கள், தளர்வதற்கு அதுவே வழிவிடும். கட்டியவன் மாணவனாக இருக்கலாம், உங்கள் கூட்டாளியாகவும் இருக்கலாம். அதன் அருகிலேயே ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அது தூசி இல்லை, அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு முறை, எந்தத் தளம் என்று எழுதவேண்டியதில்லை, மாலையில் கருவிகளை மாட்டிவைக்கும் பலகையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. அன்று தொட்ட விமானங்கள் அத்தனையையும் நிறுத்திப் பலகை பலகையாகத் திறந்தோம். விடியும் நேரத்தில், ஒரு விமானத்தின் இருக்கைக்குக் கீழே, விமானத்தை இயக்கும் கன்ட்ரோல் ராடுக்கு விரல்கடை தூரத்தில் கிடைத்தது. அந்தக் கருவிப் பலகை உங்கள் ஹேங்கரில் இருக்கிறதா? படத்தில் நான் பார்த்தது ஒரு மேசையும் அதன்மேல் பரப்பிய ஸ்பேனர்களும்தான்.

நாட் விமானத்துக்கென்றே உள்ள ஆபத்து வால். வாலின் கிடைச் சிறகான டெயில்ப்ளேன் முழுவதும் ஹைட்ராலிக் சக்தியில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், அசைகிறது. அந்தச் சக்தி போய்விட்டால், அதன் பின்விளிம்பில் இருக்கும் எலிவேட்டர்களின் பூட்டை விடுவித்துக் கையால் ஓட்டும் நிலைக்கு மாறவேண்டும். வேகம், ட்ரிம், பூட்டு என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசை தப்பினால் மூக்கு நம் சொல்லைக் கேட்காது. சக்கரங்களைப் பாதி இறக்கி அதையே ஏர் பிரேக்காகப் பயன்படுத்தும் விமானம் என்பதால், அதே ஹைட்ராலிக்கின் மீது அங்கேயும் பாரம் விழுகிறது. ரப்பர் சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்று. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்று. வெளியேற்ற இருக்கைகளின் தோட்டாக்களுக்குக் காலவரம்பு உண்டு. அது கடந்திருந்தால் அந்த இருக்கை காப்பாற்றாது, ஹேங்கரில் குனிந்து வேலை செய்பவரைக் கொல்லவும் கூடும். தகுதியுள்ளவர் வந்து பாதுகாப்பாக்கும் வரை காக்பிட்டுக்குள் யாரும் ஏறவேண்டாம். படத்தில் நீ ஏறி உட்கார்ந்து சிரிக்கிறாய்.

2015 ஆகஸ்ட் 1 அன்று செஷயரில் ஒரு கண்காட்சியில் நாட் விழுந்து விமானி இறந்தார். அதே மாதம் 22-இல் ஷோர்ஹாமில் ஹன்டர் என்ற பழைய ஜெட் சாலையில் விழுந்து, வழியோடு போன பதினொரு பேர் இறந்தார்கள். பயமுறுத்த எழுதவில்லை, அங்கேயே இருக்கும் உனக்கு இது தெரியாததும் இல்லை. பிரிட்டனின் சிவில் விமானத் துறையான சி.ஏ.ஏ.வின் பெர்மிட் வேண்டும், அவர்கள் ஒப்புதல் பெற்ற நிறுவனம் பராமரிக்கவேண்டும் என்ற விதிகள் இருப்பதும் தெரியும். ஆனால் ஏட்டில் இல்லாததை எந்த ஆய்வாளராலும் முழுதாகக் கண்டுபிடிக்கமுடியாது. ஆகையால் ஃபார்ம் 700-ஐத் தேடு.

பறந்தால்தான் விமானத்துக்கு மரியாதை என்று உங்கள் நண்பர் குழு நினைக்கக்கூடும். எக்ஸ்.எச்.558 என்ற பழைய வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்கு மக்கள் நன்கொடை கொட்டிக் கொடுத்தார்கள். 2007-இல் மீண்டும் பறந்தது. பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்ப ஆதரவைத் தொடர முடியாது என்று சொன்னதும் 2015-இல் அதுவும் தரையிறங்க வேண்டியதாயிற்று. ஆனால் வெல்ஸ்போர்னில் இருக்கும் இன்னொரு வல்கன், எக்ஸ்.எம்.655, பறப்பதே இல்லை. இன்ஜின்களை ஓட்டி, ரன்வேயில் வேகமாக ஓடி நிற்கிறது, அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பிரிஸ்டலிலிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. ஆர்ஃபியஸை நன்றாகக் கழுவி, உள்ளே பார்க்கும் போரஸ்கோப் குழாய் விட்டுப் பார்த்து, தரையில் ஓட்டினாலே அது பெரிய காரியம். அந்தச் சத்தத்தைக் கேட்க நான் விசா எடுத்துக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் பேசும்போது மெடிக்கல் புதுப்பித்தேன் என்று இடையில் சொன்னாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். மாப்பிள்ளையிடம் விமானி யார் என்று கேட்டதற்கு அவர் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு இரண்டு ஞாயிறும் நீ அழைக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொன்னேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பாதே. ஃபார்ம் 700-இன் கடைசிப் பக்கத்தையும், இருக்கைத் தோட்டாக்களின் தேதி முத்திரையையும் படம் எடுத்து அனுப்பு. அந்த லாக் வயரை மாற்றியதும் அதையும் படம் எடு. முதல் ஓட்டத்தில் முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் உட்காரப்போவது யார், ஜெட்டில் அவர்கள் பறந்திருக்கும் மணிக்கணக்கு எவ்வளவு என்பதைப் பெயரோடு எழுது. அதில் உன் பெயர் இருந்தாலும் எழுது.

அன்புடன்,
அப்பா