பத்து விநாடி பொறுத்திருங்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண் கலங்கி என் அறைக்கு வந்தாள். தேர்வுக்கு முந்தின இரவு கடகடவென்று ஒப்பித்த பாடத்தில், மூன்று வாரம் கழித்து ஒரு வரிகூட நினைவில் இல்லை. "நான் மக்கு சார்" என்றாள். அவள் மக்கு இல்லை. ஒரே இரவில் படித்தது அவ்வளவுதான் தங்கும்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்தது.

அதனால் இந்தப் பருவத்தில் பிள்ளைகள் கேள்வி அட்டைகள் எழுதப்போகிறார்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஐந்து அறை உள்ள பெட்டி ஒன்று. புது அட்டைகள் முதல் அறையில் இருக்கும். அவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். இரண்டாம் அறைக்கு இரண்டு நாள், மூன்றாம் அறைக்கு நாலு நாள் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். தவறினால் திரும்ப முதல் அறை. அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை இது. கைப்பேசிச் செயலிகளும் உண்டு. ஆனால் தன் கையால் எழுதிய அட்டையையே நான் விரும்புகிறேன்.

அட்டை எழுதுவதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஒரு மாணவன் முன்பக்கம் 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதி, பின்பக்கம் எட்டு வரி நிரப்பியிருந்தான். அதைப் பிரிக்கச் சொன்னேன். "ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் வாயு எது?" ஒன்று. "இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு எந்த வழியாக நுழைகிறது?" இன்னொன்று. ஒரு அட்டைக்கு ஒரு கேள்விதான். அதோடு, பாடம் புரிந்த பிறகே அட்டை எழுத வேண்டும். புரியாததை எத்தனை முறை திருப்பினாலும் வீண்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. பிள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு விழிக்கும்போது உடனே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். யோசித்துத் தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது. பதில் வராவிட்டால் பின்பக்கத்தைப் பார்க்கட்டும், திட்ட வேண்டாம்.

தினமும் 15 நிமிடம் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் பத்து அட்டைகளை வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தித் தருவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்