பள்ளி வேனுக்கு ஆய்வு இருக்கிறது, தீம் பார்க்குக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விட்டால் எங்கள் திருப்பூரிலிருந்து வேன் வேனாகக் கிளம்புவார்கள். பனியன் கம்பெனி டூர், பள்ளிச் சுற்றுலா, அக்கா தங்கை குடும்பங்கள் சேர்ந்து போவது, எதுவானாலும் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்றவர்கள் இப்போது தீம் பார்க் என்றுதான் கேட்கிறார்கள். கோவை, மேட்டுப்பாளையம், மதுரை, சென்னை ஈசிஆர், கொஞ்சம் வசதி இருந்தால் பெங்களூரு, கொச்சி என்று எல்லாப் பக்கமும் கூட்டம்தான். பிள்ளைகள் கேட்பதில் தப்பே இல்லை. ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடக்க, நொய்யலில் இறங்க முடியாமல் இருக்க, மே மாத வெயிலில் ஒரு நாள் தண்ணீரில் ஆடி வரட்டுமே என்று நாமும் அழைத்துப் போகிறோம். அந்தப் பூங்காக்களை மூடச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நாங்கள் திரும்பவும் போவோம்.

நான் கேட்பது இதுதான். கோடை சீசன் தொடங்கும் முன்பே, அதாவது மார்ச் மாதத்திலேயே, மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு நீர்ப்பூங்காவையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். என்ன பார்த்தார்கள், என்ன முடிவு என்பதை டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்திலேயே தமிழில் பெரிய பலகையாக வைக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பள்ளி வாகனங்களுக்கு இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு சின்னப் பெண் குழந்தை, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு மைதானத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, ஆர்டிஓ, போலீஸ், கல்வித்துறை என்று அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, தரைப்பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். வருடா வருடம் உங்கள் நாளிதழிலும் படம் வருகிறது. பள்ளி வேனில் போகும் அதே பிள்ளைதானே பள்ளி லீவு விட்டதும் இந்தக் குளங்களில் இறங்குகிறது?

எங்கள் குடும்பமும் போன கோடையில் ஒரு பூங்காவுக்குப் போனது. பெயர் வேண்டாம், ஒரு பூங்காவைப் பற்றிய புகாராக இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். வேவ் பூலில் அலை விடப் போகிறார்கள் என்று சைரன் அடித்ததும் பார்க்கில் இருந்த பாதிக் கூட்டம் அங்கே இறங்கிவிட்டது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், இந்தக் குளம் கரையில் கணுக்காலளவில் தொடங்கிப் போகப் போக ஆழமாகும். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தி விட்டு விட்டுத் தள்ளுவார்கள், அதில்தான் அலை எழும்புகிறது. பெரியவர்களுக்கு இடுப்பளவு என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவு. ஒரு அலை வந்தால் கால் தரையை விட்டுவிடும், திரும்பிப் போகும் தண்ணீர் உள்பக்கமாக இழுக்கும்.

என் நாத்தனார் மகன் இடுப்பில் டியூப் மாட்டிக்கொண்டு அவன் அம்மாவுக்கு இரண்டு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நடுவில் காலேஜ் பையன்கள் கும்பலாகக் கைகோத்துக் குதித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தாண்டிப் போனதும் டியூப் மட்டும் மிதந்தது, பையன் அதற்குக் கீழே இருந்தான். முன்பின் தெரியாத ஒரு அக்கா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டார். அவர் யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொள்ள முடியவில்லை, இதைப் படித்தால் எங்கள் குடும்பமே கையெடுத்துக் கும்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

பையன் கத்தவே இல்லை. கையைத் தூக்கி ஆட்டவும் இல்லை. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும், ஸ்பீக்கரில் பாட்டு அலறியும், ஒரு குழந்தை மூழ்குவது யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லையாம். நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் இதைப் பல வருடங்கள் கவனித்து எழுதியிருக்கிறார். வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரத்தில் மூச்சை இழுக்கத்தான் முடியும், கூப்பிட முடியாது. கைகள் தாமாகவே இரண்டு பக்கமும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அதனால் கையசைத்து உதவி கேட்கவும் வராது. இப்படித் தத்தளிப்பதே இருபது வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரைக்கும்தான். பார்ப்பவர்களுக்கு விளையாடுகிற மாதிரியே இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் டியூப் போட்டிருந்தாலும் பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் இடத்தில், கையைப் பிடித்தபடியே நிற்க வேண்டும். டியூப் விளையாட்டுச் சாமான், அது கவிழும். உடம்போடு பட்டி போட்டு இறுக்கும் லைஃப் ஜாக்கெட்தான் பாதுகாப்பு. அதைக் கேட்டால் எத்தனை பூங்காக்களில் குழந்தை அளவில் தருகிறார்கள் என்பதையும் அந்தப் பலகையில் எழுதட்டும்.

குளத்தில் யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்ளும் காவலர், அதாவது லைஃப் கார்டு, அன்றைக்கு இருந்தார். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பருத்திச் சட்டையோடு இறங்கிய இரண்டு பேரைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடைதான் போட வேண்டும் என்பது சரியான விதிதான். ஆனால் அதைக் கவனிப்பதும் அவர், தண்ணீருக்குள் இருக்கும் தலைகளைக் கவனிப்பதும் அவர், டியூப் திருப்பி வாங்குவதும் அவர். இருபது வயதுகூட இருக்காது, தலைக்கு மேல் நிழல் இல்லை, அவ்வளவு பெரிய குளத்துக்கு அவர் ஒருவர்தான். அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நீர்ப்பூங்காக்கள் பலவற்றில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தனக்கென்று ஒதுக்கிய தண்ணீர்ப் பரப்பை லைஃப் கார்டு பத்து வினாடிக்குள் ஒருமுறை பார்த்து முடிக்க வேண்டும், யாராவது ஆபத்தில் இருந்தால் அடுத்த இருபது வினாடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே ஒரு வேவ் பூலுக்கு எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். நீச்சல் தெரிந்த பையன் ஒருவனுக்கு மஞ்சள் பனியன் போட்டு உட்கார வைத்தால் அவன் லைஃப் கார்டு ஆகிவிட மாட்டான்.

பையனைக் கரையில் போட்டதும் நடந்ததையும் சொல்ல வேண்டும். தலைகீழாகப் பிடி என்றார் ஒருவர், வயிற்றை அமுக்கு என்றார் இன்னொருவர். நம் ஊர்ப்பக்கம் கிணற்றிலிருந்து எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுச் சுற்றுவதையும் பார்த்திருக்கிறோம். இவை எல்லாமே தவறு என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போகும், கையில் இருக்கும் நேரமும் வீணாகும். மூச்சில்லாமல் கிடந்தால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தி, மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். எங்கள் பையன் அவனாகவே இருமி மூச்சு விட்டுவிட்டான், அதனால் தப்பித்தோம். முதலுதவி அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். இருமல் நிற்காததால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தண்ணீர் குடித்த பிள்ளை எழுந்து நடந்துவிட்டது என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம், இருமலோ மூச்சுத் திணறலோ அசதியோ தொடர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மை அப்படி இல்லை. நல்ல நிலையில் இருக்கும் குளத்தில் அந்த நெடி அவ்வளவாக இருக்காது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோராமின்தான் மூக்கில் ஏறும் நெடியையும் கண் எரிச்சலையும் தருகிறது. சாயங்காலம் வேனில் ஏறும்போது பிள்ளைகள் கண் எல்லாம் செக்கச்செவேல் என்று இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் தண்ணீரில் குறைந்தது 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும், அமிலக் காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் சில நிமிடத்தில் முடிந்தது. கூட்ட நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்து, பார்த்த நேரத்தோடு ஒவ்வொரு குளத்தின் பக்கத்திலும் சாக்பீஸால் எழுதி வைத்தால்கூடப் போதும். நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. இறங்கும் முன் ஷவரில் நன்றாகக் குளிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளை மணிக்கொருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை டிக்கெட் வீணாகிறதே என்று இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

ராட்டினங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் நாளிதழைப் படிக்கிறவர்களுக்கே தெரியும். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் மாதிரி ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சென்னை ஈசிஆரில் உயரமான ராட்டினம் ஒன்று அந்தரத்தில் நின்றுபோய், குழந்தைகளோடு சேர்த்துப் பலர் மணிக்கணக்கில் மேலேயே தவித்து, தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்கினார்கள்.

உரிமம், சான்று எல்லாம் எங்களிடம் இருக்கிறது என்று பூங்காக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், நல்லதுதான். அந்தக் காகிதம் ஆபீஸ் பீரோவில் இருந்து எங்களுக்கு என்ன பயன்? சின்ன டிபன் கடைகூட உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய பூங்காக்களில் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் டிக்கெட், அதற்குள்ளேயே 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2018 ஜனவரிக்கு முன்னால் இது 28 சதவீதமாக இருந்தது, குடும்பங்கள் வந்து போகும் இடம் என்றுதானே குறைத்தார்கள்? ஒதுங்கி உட்கார்ந்து பை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அத்தைக்கும் சேர்த்துத்தான் கட்டினோம். வரி வாங்குகிற அரசுக்கு இதைப் பார்க்கும் பொறுப்பும் உண்டு.

பலகையில் நான் எதிர்பார்ப்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கடைசியாக ஆய்வு நடந்த தேதி, ஆய்வு செய்த அதிகாரியின் பதவி, எந்த ரைடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இன்றைக்கு வேலையில் இருக்கும் லைஃப் கார்டுகள் எத்தனை பேர், அவர்களில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், முதலுதவி அறை எங்கே, புகார் சொல்ல ஆட்சியர் அலுவலக எண் எது. இவ்வளவு போதும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் நாங்களே யோசித்துக்கொள்வோம், பிள்ளையை வேவ் பூலில் விடுவதா வேண்டாமா என்று. பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அவசியம், நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சர்கள் என்று போகிறவர்கள் அவர்கள்.

ஏப்ரல் நடுவில் பரீட்சை முடிந்துவிடும், மறுநாளே வேன்கள் கிளம்பிவிடும். எனவே ஆட்சியர்கள் மார்ச் மாதத்துக்குள் இந்த ஆய்வை முடித்தால்தான் வரும் கோடைக்கு உதவும். உங்கள் மாவட்ட நிருபர்கள் அந்தந்த ஊர்ப் பூங்கா வாசலில் போய் நின்று, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, லைஃப் கார்டு எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, வரும் பதிலை அப்படியே போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்