முதலில் கதையை எழுதுங்கள்: பழம்பொருள் தேடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறவர்கள் நாம். எங்கே தேடுவது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் துப்பில் பாதி, வயதானவர்கள் சொல்லும் கதைதான். அந்தக் கதையை நாம் நடத்தும் விதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இடத்தைக் காட்டியதும் அதை மறந்துவிடுகிறோம்.

வேல்ஸில் மோல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. வேல்ஸ் மொழியில் அதன் பெயருக்குப் பேய் மேடு என்று பொருள். 1833-இல் கல் எடுக்க வந்த தொழிலாளர்கள் அதைக் கிளறியபோது, எலும்புகளோடு நசுங்கிய தங்கத் தகடு ஒன்று வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போனார்கள். அது மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய, வெண்கலக் காலத்துத் தோள் போர்வை, ஒரே தங்கக் கட்டியைத் தட்டித் தட்டி விரித்துச் செய்தது. அதன் மேல் வரிசையாக இருந்த அம்பர் (கல்லாய் இறுகிய மரப்பிசின்) மணிகளில் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

அந்த மேட்டில் பொன் உடுத்திய உருவம் நடமாடும் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அது ஏட்டில் ஏறியது தங்கம் கிடைத்த பிறகுதான். கதை முன்பே இருந்ததா, தங்கத்தைப் பார்த்து முளைத்ததா என்ற கேள்வி அதனால் இன்னும் தீரவில்லை. ஒரு மாதம் முன்னால் யாராவது எழுதித் தேதி போட்டிருந்தால் போதும். அத்தனை தலைமுறையாக மனிதர்கள் ஒரு கல்லறையை நினைவில் வைத்திருந்தார்களா என்பதற்கே பதில் கிடைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1845-இல் ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி தலைமையில் 129 பேரோடு ஆர்க்டிக் போன இரண்டு கப்பல்கள் திரும்பவில்லை. 1860-களில் அவர்களைத் தேடிப் போன அமெரிக்கர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஹால் அங்குள்ள இனுயிட் மக்களோடு தங்கி, அவர்கள் சொன்னதை எழுதி வைத்தார். ஒரு கப்பல் மூழ்கிய பிறகும் அதன் பாய்மர முனை தண்ணீருக்கு மேல் தெரிந்தது என்றார்கள். உத்ஜூலிக் என்று ஒரு பகுதியைச் சொன்னார்கள். 2014-இல் அந்த இரண்டில் ஒன்றான எரிபஸ் கப்பல் கிடைத்தது அந்தப் பகுதியில்தான், சுமார் 11 மீட்டர் ஆழத்தில். அவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் பாய்மரம் வெளியே தெரியாமல் வேறென்ன செய்யும்!

சரி, எதை எழுதுவது? சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னது, எந்த இடத்தில் நின்று கை காட்டினார், என்ன தேதி. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பொன் குடம், பூதம், சுரங்கப் பாதை எல்லாம் ஊர் ஊராகத் தாவும் சரக்கு. அவற்றை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள். வேறெங்கும் கேட்காத ஒரு சின்ன விவரம் வந்தால் அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேட்டின் பெயர், வயலின் பெயர், 'அந்தப் பக்கம் ஏர் ஓட்ட மாட்டோம்' என்கிற பேச்சு, இவைதான் துப்பு.

நான் இதைத் தவறவிட்டவன். ஒரு முதியவர் வேலியோரமாக என்னைக் கூட்டிப்போய், தாத்தா சொன்னதாக ஒரு குதிரைக்காரன் கதை சொன்னார். அவர் காட்டிய இடத்தில் இரண்டு லாடமும் ஓர் ஈயக் குண்டும் கிடைத்தன. அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார். குதிரை வெள்ளையா, குதிரைக்காரன் உடை வெள்ளையா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. கேட்க ஆளில்லை. லாடங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன, பேச்சில்லாமல்.

அப்புறம் ஒன்று. நில உரிமையாளர் சம்மதம் இல்லாமலும், அந்த நாட்டுச் சட்டம் தெரியாமலும் இறங்காதீர்கள். உழவு படும் மண்ணுக்குக் கீழே சிக்னல் கேட்டால் நிறுத்திவிட்டுத் தொல்லியல் ஆட்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்போது பொருளோடு உங்கள் நோட்டையும் நீட்டுங்கள். கதை சொன்னவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்