‘ஓவர் டிரெயினிங்’ என்று முடித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயை வென்று பதக்கம் வாங்கியவர்களைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி கட்டுரை வருகிறது. மனஉறுதியைப் பற்றி நாலு பத்தி இருக்கும். என்ன நோய், எவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்தது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. ஓடுகிற பிள்ளைகளுக்கும் கோச்சுகளுக்கும் வேண்டியது அந்த ஒரு வரிதான். அது தெரியாததால்தான் நோயால் வரும் சோர்வையும் ‘ஓவர் டிரெயினிங்’, அதாவது அதிகப் பயிற்சி, என்று முடித்துவிடுகிறோம். அமெரிக்கத் தடகள வீராங்கனை கெய்ல் டெவர்ஸ் விஷயத்தை வைத்தே அதைச் சொல்லலாம்.

1988-ல் 100 மீட்டர் தடை ஓட்டத்தை 12.61 வினாடியில் ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தவர் டெவர்ஸ். அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் அரையிறுதியோடு வெளியேறினார். பிறகு முடி கொட்டியது, கை நடுங்கியது, ஒற்றைத் தலைவலி வந்தது, பார்வை மங்கியது, எடை ஏறி இறங்கியது, மாதவிடாய் தாறுமாறானது. மருத்துவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய் என்பது 1990-ல்தான் தெரிந்தது. கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகு பாதங்கள் வீங்கிக் கொப்பளித்தன. 1991 மார்ச்சில் இரண்டு பாதங்களையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தது. சிகிச்சையை மாற்றியதும் தேறினார். அந்த ஆகஸ்டில் டோக்கியோ உலகப் போட்டியில் தடை ஓட்ட வெள்ளி. 1992-ல் பார்சிலோனாவில் 100 மீட்டர் தங்கம், 10.82 வினாடி. அந்த ஓட்டத்தில் முதல் ஐந்து பேருக்கும் இடையே இருந்தது 0.06 வினாடிதான். 1996-ல் அட்லாண்டாவில் மீண்டும் 100 மீட்டர் தங்கம்.

மனஉறுதி என்று இதைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் 1988-க்கும் 1990-க்கும் நடுவிலும் அவரிடம் அதே மனஉறுதி இருந்ததே! உடம்பு மேலும் கெட்டதுதான் மிச்சம். நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகுதான் அந்த உறுதிக்குப் பலன் கிடைத்தது.

கிரேவ்ஸ் நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே தைராய்டு சுரப்பியை விடாமல் தூண்டுகின்றன. ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கும், தசை கரையும், எலும்பு தேயும். விளையாட்டுப் பிள்ளைகளிடம் இது எளிதில் ஒளிந்துகொள்ளும். எடை குறைந்தால் ‘ஃபிட் ஆகிவிட்டாய்’ என்று பாராட்டு கிடைக்கிறது. அதிகம் வியர்த்தால் வெயில்மேல் பழி, பசி எடுத்தால் பயிற்சிமேல் பழி, தூக்கம் வராவிட்டால் செலக்‌ஷன் பயம். ஒரு அறிகுறியை மட்டும் கோச்தான் முதலில் கவனிக்க முடியும். இந்த நோயில் தொடை, இடுப்புத் தசைகள் முதலில் பலம் இழக்கும். ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து எழும்பும் வேகம் குறைவது, குந்தியிருந்து கையூன்றாமல் எழ முடியாதது, மாடிப்படியில் தொடை சோர்வது ஆகியவை சேர்ந்து வந்தால் அதைச் சோம்பல் என்று திட்டக் கூடாது.

நாடித்துடிப்பை எண்ணுவதற்குப் பைசா செலவில்லை. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நான்காகிவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே இரண்டு வாரம் எண்ணிச் சராசரியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அதைவிடப் பத்து துடிப்பு கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் காரணம் தேட வேண்டும். அதிகப் பயிற்சியால் ஏறிய துடிப்பு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். தைராய்டால் ஏறியது தூக்கத்தில்கூட முழுதாக இறங்காது.

அந்த எழுதி வைத்த எண் ஏன் முக்கியம்? பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது பாடப்புத்தகக் கணக்கு. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு 48 இருக்கலாம். அவருக்கு 82 வந்தால் மருத்துவர் ‘நார்மல்’ என்றுதான் எழுதுவார். பழைய எண் அவர் கையில் இல்லையே. அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது நாம்தான்.

ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: தொந்தரவு தொடங்கிய மாதம், அப்போதைய டைமிங், இப்போதைய டைமிங், காலை நாடித்துடிப்பு, எடை, மாதவிடாய்த் தேதிகள், சாப்பிடும் மாத்திரைகள், பவுடர்கள், வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்ற விவரம். ‘டயர்டா இருக்கு சார்’ என்றால் சத்து மாத்திரைதான் கிடைக்கும். ‘மூன்று மாதத்தில் 400 மீட்டரில் நாலு வினாடி போய்விட்டது, துடிப்பு முப்பது ஏறியிருக்கிறது’ என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், ‘எந்தெந்த நோய் இல்லை என்று பார்த்தீர்கள், எந்தப் பரிசோதனையில்?’ என்று பணிவாகவே கேட்கலாம். ரிப்போர்ட் நகல்களைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

கொடுத்த மருந்து கேட்கவில்லை என்பதும் ஒரு தடயம். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸுக்கு 2007-ல் உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா என்றார்கள். மருந்தால் பலன் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் என்று தெரிந்தது 2011-ல். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனிலிருந்து பாதியில் விலகினார். மருந்து வேலை செய்யாவிட்டால் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயின் பெயரையே ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

காரணம் தெரியாத சோர்வுக்கு முதல் கட்டமாக முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சர்க்கரை, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, இ.சி.ஜி. ஆகியவற்றைக் கேட்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் சரிந்திருக்கலாம், அதிலும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கு. 30-க்குக் கீழே இருந்தால் லேப் தாளில் நட்சத்திரக் குறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும். டி.எஸ்.எச். மிகக் குறைந்து டி4 ஏறியிருந்தால் அடுத்து ஃப்ரீ டி3, கிரேவ்ஸ் நோயைக் காட்டிக்கொடுக்கும் டி.எஸ்.எச். ஏற்பி ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). இதில் பலரும் விழும் பள்ளம் பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறதே என்று அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், பல கருவிகளில் இல்லாத கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோல் முடிவு வரும். குறைந்தது இரண்டு நாள் முன்னதாக நிறுத்திவிட்டு லேபிலும் சொல்லிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் நேரமில்லை. பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கிரேவ்ஸ் உறுதியானால் பெரும்பாலும் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்குவார்கள். அரிதாக அது வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். வழக்கமான சளி என்று காத்திருக்கக் கூடாது. டி4 இயல்புக்கு வந்து துடிப்பு இறங்கும்வரை கடும் பயிற்சி கிடையாது. தைராய்டுச் செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்த பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துபோய், வாழ்நாள் முழுக்கத் தைராக்ஸின் மாத்திரை தேவைப்படும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி.

கடைசியாக, ஊக்கமருந்து விதி. நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை, தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக டெவர்ஸ் மறுத்தார். இன்றைய விதிப்படி ஓட்டக்காரருக்கு அது தடையில்லை. துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் போட்டி இல்லாத நாளில்கூடத் தடை. கார்பிமசோல், தைராக்ஸின் இரண்டுக்கும் தடையில்லை. கிரேவ்ஸ் நோயில் கண் பாதித்தால் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது. தடையுள்ள மருந்து தேவைப்பட்டால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கோரி தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமைக்குப் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு, மருத்துவ அறிக்கைகளோடு விண்ணப்பிக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு மைதானத்தில் இறங்க வேண்டிய அவசியமில்லை.

– ஒரு தடகளப் பயிற்சியாளரும் ஒரு பொது மருத்துவரும், திருச்சி